பொதிகை முதல் புன்னக்காயல் வரை: ஒரு நிலப்பரப்பைச் சேர்ந்து காக்கத் தொடங்குவோருக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணியில் வெள்ளம் போனது ஒருபுறம் என்றால், குளங்கள் அடுத்தடுத்து உடைந்தது இன்னொருபுறம். ஸ்ரீவைகுண்டம் வடகால் என்ற பாசனக் கால்வாயின் கடைசியில் இருக்கிற கோரம்பள்ளம் குளம் உடைந்து, தண்ணீர் தூத்துக்குடிப் பக்கம் புகுந்தது. மேலே ஒரு குளத்தின் கரை போனால் அந்தத் தண்ணீர் முழுவதும் கீழ்க்குளத்துக்குத்தான் வரும். கீழ்க்குளத்துக்காரர்கள் தங்கள் கரையை எவ்வளவு பலமாக வைத்திருந்தாலும் தாங்குவது கஷ்டம்.

பருவநிலை மாறுகிறது என்பதற்கு இந்தப் பகுதியில் நடைமுறை அர்த்தம் இதுதான்: மழை நாட்கள் நம்பும்படி இல்லை, பெய்தால் ஒரேயடியாகப் பெய்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துத் தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. ஏழு வருஷம் கழித்து இந்த வெள்ளம். இரண்டையும் சமாளிக்க வேண்டியது அதே குளங்கள், அதே கால்வாய்கள், அதே மலைக்காடு. ஆனால் அவை பல துறைகளிடமும் பல ஊர்களிடமும் பிரிந்து கிடக்கின்றன. அவர்களைச் சேர்த்து உட்காரவைப்பதைத்தான் 'நிலப்பரப்பு அளவிலான கூட்டு முயற்சி' என்கிறார்கள். பெயர் பெரிது, வேலை பெரும்பாலும் நடந்து திரிவதும் பேசுவதும்தான்.

பறவை பார்க்கும் குழுவில் இருப்பவர், கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் நடத்துபவர், விவசாயிகள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர், ஊராட்சி உறுப்பினர் என யார் தொடங்கினாலும் உதவும்படி இதை எழுதுகிறேன். உதாரணம் தாமிரபரணி. மற்ற ஆற்றுப் பகுதியில் இருப்பவர்கள் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் அளவைச் சுருக்குங்கள்

தாமிரபரணி சுமார் 128 கி.மீ. ஓடுகிறது. பொதிகையில் பிறந்து, காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு எல்லாம் சேர்ந்து, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், கீழே கடல்சார் தேசியப் பூங்கா இருக்கும் வளைகுடா. நடுவில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களால் 80 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம்.

இவ்வளவையும் ஒரே குழுவில் அடக்கிவிடலாம் என்று ஆரம்பித்தால், முதல் கூட்டத்துக்கு 200 பேர் வருவார்கள், மூன்றாவதுக்கு ஆறு பேர். ஒரே ஒரு கால்வாயையும் அது நிரப்பும் குளங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால் என எதுவானாலும் சரி. ஆற்றுத் தண்ணீர் ஏறாத மானாவாரிப் பக்கம் என்றால் ஒரு ஓடையும் அதில் அடுத்தடுத்து இருக்கும் குளங்களும். மாவட்ட எல்லை, தாலுகா எல்லை எதையும் பார்க்க வேண்டாம். தண்ணீர் எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடிகிறதோ அதுதான் உங்கள் எல்லை.

காகிதமும் நடையும்

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் அ-பதிவேடும் இருக்கும். அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே 'குளம்', 'ஓடை', 'வாய்க்கால்', 'பாதை' என்று பதிவாகியிருக்கும். பட்டா பார்க்கும் அரசு இணையதளத்திலேயே அ-பதிவேட்டு விவரமும் புலப்பட வரைபடமும் கிடைக்கின்றன. உங்கள் கால்வாய் போகிற ஊர்களின் வரைபடங்களைச் சேர்த்து ஒட்டினால், ஒரு ஊரில் ஓடையாக இருப்பது அடுத்த ஊரில் காணாமல் போவது அப்படியே தெரியும். அங்கேதான் பிரச்சினையும் இருக்கும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள். இரண்டு தடவை நடப்பது நல்லது: கோடையில் ஒன்று, மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும்போது ஒன்று. கோடையில் உடைந்த மடையும் தூர்ந்த வாய்க்காலும் சீமைக்கருவேலமும் தெரியும். மழையில்தான் தண்ணீர் உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்று தெரியும். புதிதாகப் போட்ட சாலைக்கு அடியில் இருக்கும் பாலம் போதுமா, வீட்டு மனை போட்டவர் மறுகால் ஓடையை (குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) எங்கே திருப்பியிருக்கிறார் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

கூட யாரைக் கூட்டிக்கொண்டு போவது? மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் ஆளை. அவருக்குத் தெரிகிற அளவுக்குப் பொறியாளருக்குக்கூடத் தெரியாது. ஆனால் அவர் தன் வயல்வெளிக்கு ஆதரவாகத்தான் பேசுவார், அதையும் நினைவில் வையுங்கள். மேல்குளத்து ஆளும் கீழ்க்குளத்து ஆளும் ஒரே நாளில் சேர்ந்து நடந்தால் பாதிக் கூட்டம் அங்கேயே நடந்து முடிந்துவிடும்.

யார் யாரை அழைப்பது

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரே குளத்துக்குப் பல எஜமானர்கள். ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக அது நீர்வளத் துறையின் குளம். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நிலம் வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கும். வண்டல் எடுக்கக் கனிமவள விதிகள். மீன் குத்தகை யார் விடுவது என்பது குளத்துக்குக் குளம் மாறும். பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறை. நகரத்துக்குள் வந்துவிட்டால் மாநகராட்சி. நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் நகருக்குள் புகுந்து வெளியே வரும்போது சாக்கடையைச் சுமந்துகொண்டு வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஆகவே அங்கே மாநகராட்சி இல்லாமல் பேசிப் புண்ணியமில்லை.

ஆனால் அழைப்பைத் துறைகளிடமிருந்து தொடங்காதீர்கள். கடைக்குளத்து ஊரிலிருந்து தொடங்குங்கள். எந்தக் கால்வாயிலும் தலைமடைக்காரர்களுக்குக் கூட்டணி அவ்வளவு அவசரமாகத் தேவைப்படாது. தண்ணீர் முதலில் அவர்களுக்கு வருகிறது, வெள்ளம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. வறட்சியில் முதலில் காய்வதும் வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் கடைமடை. அவர்கள் இல்லாமல் எடுத்த முடிவு எதுவும் ஒரு பருவம்கூடத் தாங்காது என்பது என் கருத்து.

அப்புறம், ஆயக்கட்டில் நிலமே இல்லாதவர்கள். குளத்தில் மீன் பிடிப்பவர், வாத்து மேய்ப்பவர், அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுபவர், கரையில் பனை ஏறுபவர். 'விவசாயிகள் கூட்டம்' என்று அறிவித்தால் இவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் பேச மாட்டார்கள். பெண்களும் அப்படித்தான். வயல் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பட்டா ஆண் பெயரில் இருக்கும், சங்கத்தில் உறுப்பினரும் அவராகவே இருப்பார். இவர்களைத் தனியாகப் போய்ப் பாருங்கள். மலைப்பக்கம் போனால் காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் கிராம வனக் குழுக்களும் உண்டு. முகத்துவாரத்தில் புன்னக்காயல் மீனவர்கள். உங்கள் கால்வாய் நடுவில் இருந்தாலும் இவர்களோடு ஒரு அறிமுகமாவது இருக்கட்டும்.

சட்டப்படி ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் பாசன முறைகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு. சில உயிரோடு இருக்கும், சில ஏட்டில் மட்டும். உயிரோடு இருந்தால் அதற்குப் போட்டியாகப் புது அமைப்பு தொடங்காதீர்கள், அதையே நடு ஆளாக வையுங்கள். மதுரைப் பக்கம் தானம் அறக்கட்டளை வயலகம் என்ற பெயரில் குளத்து விவசாயிகளைச் சேர்த்து, பின்பு ஒரே நீர்வரத்தில் இருக்கும் குளங்களைக் கூட்டமைப்பாக்கியதைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கூட்டம் எப்போது, எங்கே

பிசானப் பருவ நெல் அறுத்து, அடுத்து வரும் கார் பருவ நெல் நடவுக்கு இன்னும் தண்ணீர் திறக்காத இடைவெளி நல்ல காலம். மார்ச் முதல் மே வரை. ஆட்களுக்கு ஓய்வு இருக்கும், போன பருவத்துச் சண்டை மனதில் பசுமையாகவும் இருக்கும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால், பத்து ஊர் தனித்தனியாக மனுக் கொடுப்பதைவிட அதற்கு எடை அதிகம். மே 1-ஆம் தேதி கிராம சபை விடுபட்ட ஊர்களுக்கு.

இடம் கடைக்குளத்து ஊரில். திருநெல்வேலியில் மண்டபம் பிடித்து, சால்வை போர்த்தி, மதியச் சாப்பாட்டோடு நடத்தும் கூட்டங்கள் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை தருவதில்லை. தலைவர், செயலாளர் தேர்தலையும் முதல் வருஷம் தள்ளிப்போடுங்கள். கூட்டத்தை ஒவ்வொரு ஊரும் முறை வைத்து நடத்தட்டும்.

முதல் வருஷம் சேர்ந்து அளந்து பாருங்கள்

தண்ணீர்ப் பங்கீட்டை முதல் நாளே பேசினால் குரல் உயரும். அதற்கு முன்னால் எல்லோரும் நம்புகிற ஒரு கணக்கு வேண்டும். அதைச் சேர்ந்தே எடுக்க வேண்டும்.

மழை: ஒவ்வொரு குளத்து ஊரிலும் ஒரு பள்ளிக்கூடத்தில் சாதாரண பிளாஸ்டிக் மழைமானி வையுங்கள். மரத்தடியிலோ சுவரோரத்திலோ வேண்டாம், திறந்த வெளியில். காலை 8.30 மணிக்கு அளவு எடுங்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. நீங்கள் 7 மணிக்கு எடுத்தால் அரசுக் கணக்கோடு ஒப்பிட முடியாது.

நீர்மட்டம்: மடைத்தூணில் அடிக் கணக்கில் கோடு போட்டு வாரம் ஒரு முறை குறியுங்கள். மழைக்காலத்தில் தினமும். 'குளம் முக்கால் பெருகியிருக்கிறது' என்று மேல் ஊரில் சொல்வதற்கும் கீழ் ஊரில் சொல்வதற்கும் ஓரடி வித்தியாசம் வரும், கோடு இருந்தால் வராது. எந்தத் தேதியில் மறுகால் பாய்ந்தது என்பதைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். பத்து குளத்தின் மறுகால் தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே, எந்த இடத்தில் தண்ணீர் தடைபடுகிறது என்று பிடிபட்டுவிடும்.

பறவை: தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி நடக்கிறது. மணிமுத்தாற்றில் இருக்கும், ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையமும் உள்ளூர் இயற்கைச் சங்கங்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் எடுக்கிறார்கள். புதியவர்கள் இந்த வேலையில் நுழைய இதைவிட எளிய வாசல் கிடையாது. பைனாகுலர் இருப்பவரோடு சேர்ந்து போனால் போதும், கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் ஒரே காலையில் பழகிவிடும். மூன்று மாவட்டத்துக்காரர்களும் ஒரே படிவத்தில் எண்ணுவதால் கணக்கைப் பற்றித் தகராறும் வராது.

எல்லாவற்றையும் கடைத்தெருவில் ஒரு பலகையில் எழுதிப்போடுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் மறுநாள் காலை வணக்கங்களுக்கு அடியில் போய்விடும்.

எழுதிவைக்க வேண்டிய இரண்டு தாள்

ஒரு வருஷக் கணக்கு கையில் இருந்தால் ஒப்பந்தம் பேசலாம். நோக்கம், தொலைநோக்கு என்று பத்துப் பக்கம் எழுத வேண்டாம். வெள்ளத்துக்கு ஒரு தாள், வறட்சிக்கு ஒரு தாள்.

வெள்ளத் தாளில்: கனமழை எச்சரிக்கை வந்தால் எந்தக் குளத்தின் மடையை முதலில் திறப்பது, அடுத்து எது. கீழிருந்து மேலாகத் திறந்துகொண்டு வந்தால்தான் வருகிற தண்ணீருக்குக் கீழே இடம் இருக்கும். ஆனால் பிசானப் பயிர் நிற்கும்போது தண்ணீரை வெளியேற்ற எந்த ஊரும் சும்மா சம்மதிக்காது. திறந்த பிறகு மழை ஏமாற்றிவிட்டால் அந்தக் குளத்துக்கு அடுத்த முறைத் தண்ணீரில் (முறை வைத்துக் குளங்களுக்கு விடும் தண்ணீர்) முன்னுரிமை என்று பதிலுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காகத்தான் ஒரு வருஷம் அளந்தது. மடைச் சாவி யாரிடம் இருக்கும், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார், மணல் மூட்டை எங்கே, இரவில் யார் யாரை போனில் அழைப்பது என்பதும் அதே தாளில் வரும். நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரும் இதில் கையெழுத்திட வேண்டும். துறையின் குளத்தில் நீங்களாக மடை திறப்பதும் மறுகாலை வெட்டுவதும் குற்றம். பெரிய அணைகளைத் திறப்பது அரசு முடிவு, அதில் உங்கள் தாள் செல்லாது. திறக்கும் தகவல் எத்தனை மணி நேரம் முன்னால் உங்களுக்கு வரும் என்பதைக் கேட்டு வாங்கலாம்.

வறட்சித் தாளில்: முறைத் தண்ணீர் வரிசை, குடிநீருக்கும் ஆடுமாட்டுக்கும் குளத்தில் எந்தக் கோட்டுக்குக் கீழே மோட்டார் வைக்கக் கூடாது, எந்த மட்டத்துக்குப் பிறகு மீன் பிடிக்க முழுக் குளத்தையும் வற்றவைக்கக் கூடாது.

கையை வைக்கும் வேலைகள்

இரண்டாம் வருஷம் வரத்துக்கால்களை, அதாவது குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்களை, சுத்தம் செய்வதிலிருந்து ஆரம்பியுங்கள். செலவு குறைவு, பயன் அந்த மழையிலேயே தெரியும். தாமிரபரணிப் பக்கம் அமலை (ஆகாயத்தாமரை) மண்டிய கால்வாய் என்றால் மழைக்கு முன்னால் எடுத்து, கரையிலேயே போட்டுவிடாமல் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

தூர்வாருவதில் நிதானம் வேண்டும். இயந்திரத்தை இறக்கி நடுவில் ஆழமாகத் தோண்டிவிட்டால் அந்தத் தண்ணீர் மடைக்கு ஏறாது. குளத்தின் ஓரம் ஆழம் குறைவாகச் சரிவாக இருந்தால்தான் கால் நீண்ட பறவைகள் இறங்கி மேய முடியும். கரையடியில் தோண்டினால் கரை பலவீனமாகும். விவசாயிகள் தங்கள் நிலத்துக்கு வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு எடுப்பது என்பதைக் கூட்டமைப்பு முன்கூட்டியே கொம்பு நட்டுக் குறித்துவிட வேண்டும்.

சீமைக்கருவேலத்தை எடுக்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் கூடு கட்டும் குளங்களில் ஒரேயடியாக வெட்டித் தள்ளாதீர்கள். பறவை குஞ்சு பொரித்துப் போன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, நாட்டுக் கருவேலமும் நீர்மருதும் வளர்ந்து வருவதற்கு ஏற்ப எடுங்கள். கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றுக்காக வெடி வெடிப்பதைத் தவிர்க்கிறார்கள், எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1994-இல் சரணாலயமாகி, பின்னர் ராம்சர் பட்டியலுக்கும் போன அந்த இடத்தை முதலில் காத்தது அந்த ஊர்தான்.

மரம் நடுவது பற்றி ஒரு வார்த்தை. கூட்டமைப்பு என்றதும் பத்தாயிரம் கன்றோடு ஒருவர் வந்து நிற்பார். குளத்தின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பில், நடாதீர்கள். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரியையும் (செம்மணல் மேடு) மலை உச்சிப் புல்வெளியையும் காலி இடம் என்று நினைத்து நிரப்பாதீர்கள். வெளிக்கரையில் பனை நடலாம், அதுகூட இரண்டு வருஷம் ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்.

சட்டம் எதில் துணைக்கு வரும்

2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் எல்லாக் குளத்தையும் காக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பாசனத்துக்கென்றே கட்டிய நீர்நிலைகளை அந்த விதிகள் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைக்கின்றன. நீர்வளத் துறைக் குளங்களில் ஆக்கிரமிப்பு என்றால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம்தான் கைகொடுக்கும். அளவை செய்து எல்லை குறி என்று எழுதிக் கேளுங்கள், அகற்று என்பது அடுத்த மனு. ஆக்கிரமிப்பில் இருப்பது வீடில்லாத ஏழைக் குடும்பம் என்றால் மாற்று இடம் பற்றியும் அதே தீர்மானத்தில் பேசுங்கள். இல்லாவிட்டால் பெரிய ஆக்கிரமிப்பாளர் அந்தக் குடும்பத்தை முன்னால் நிறுத்தி, தான் பின்னால் தப்பிவிடுவார்.

கூட்டமைப்பில் இருந்தால் வழக்குப் போடக் கூடாது என்றில்லை. 2015-இல் ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வாரத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது ஒரு வழக்கில்தான். ஆனால் கூட்டமைப்பின் பெயரில் போடாமல் தனி அமைப்போ தனி ஆளோ போடுவது நல்லது. நாளைக்கு அதே அதிகாரியோடு வெள்ளத் தாளைத் திருத்த உட்கார வேண்டும். தொழிற்சாலைக்குத் தண்ணீர் எடுப்பது போன்ற பெரிய சச்சரவுகளில் உறுப்பினர்களுக்குள்ளேயே இரண்டு பக்கம் இருக்கும், அதில் ஒருமித்த முடிவு வரும் என்று காத்திருந்தால் மற்ற வேலை நின்றுவிடும்.

பணம்

ஆரம்பத்தில் அதிகம் தேவையில்லை. மழைமானி, பெயிண்ட், பலகை, டீச் செலவு. வரத்துக்கால் வேலையை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கலாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வந்தால், ஒரே அமைப்பின் கணக்கில் எல்லாம் போய் விழாதபடி பாருங்கள். பணம் வைத்திருப்பவர் முதலாளியாகவும் மற்றவர்கள் ஒப்பந்தக்காரர்களாகவும் மாறக் கொஞ்ச நாள் போதும். வரவுசெலவும் அதே கடைத்தெருப் பலகையில் வரட்டும்.

அதிகாரி மாறும்போது

மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பருவநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, மாவட்ட வன அலுவலர் அதன் பருவநிலை அலுவலர். உங்கள் இரண்டு தாளையும் அதன் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிட்டால் அவை வெறும் ஊர்ப் பேச்சாக இல்லாமல் கோப்பில் இருக்கும். உங்கள் கால்வாய் இரண்டு மாவட்டத்தில் ஓடுகிறது என்றால் இரண்டிலும் ஏற்ற வேண்டும்.

நல்ல ஆட்சியர் ஒருவர் வந்து எல்லாம் வேகமாக நடக்கும், அவர் மாறிப்போனதும் அப்படியே நிற்கும். இதற்கு ஒரு மெல்லிய கோப்பைத் தயாராக வைத்திருங்கள்: ஒட்டிய வரைபடம், மறுகால் தேதிகள், இரண்டு தாள், கிராம சபைத் தீர்மான நகல்கள், நிலுவையில் இருக்கும் மூன்று வேலை. மூன்றுக்கு மேல் வேண்டாம். புதியவர் பொறுப்பேற்ற மாதத்திலேயே அதைக் கொடுத்து, ஒரு காலையில் கடைக்குளத்துக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னால் போக முடிந்தால், உடைந்த மடை இரண்டையாவது அந்த வருஷமே சரிசெய்ய உத்தரவு வாங்கிவிடலாம்.